காற்று தூக்கிய நீலத்துணி

பின்னால் சுமந்தவன் பெயர் யாசேரா, வேறு ஏதாவதா என்பது எனக்கு உறுதியாக நினைவில்லை. யாசேர் என்றே வைத்துக்கொள்வோம். கடவுளின் கட்டளைகள் எழுதிய கற்பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியை நால்வர் தண்டுகளில் தோளேற்றி வனாந்தரத்தில் நடந்தார்கள். பின்பக்கம் யாசேரும் அவன் தம்பி மல்கியாவும். வழிபாடு நடத்தும் ஆசாரியர்கள் பெட்டியைத் துணியால் மூடிய பிறகுதான் சுமப்பவர்கள் கிட்டே வரலாம். பெட்டியைத் தொட்டாலும் சாவு, ஒரு கணம் பார்த்தாலும் சாவு.

மேடேறும்போது காற்று நீலத்துணியின் ஓரத்தைத் தூக்கியது.

"மல்கியா, கண்ண மூடுடா."

"மூடிட்டு எப்படிண்ணே நடக்குறது? பள்ளத்துல விழுந்தா?"

"முன்னால போறவங்க இழுக்குற பக்கம் வா."

"உனக்கு எப்பவும் பயந்தான்" என்று தம்பி சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

யாசேர் இமைகளை இறுக்கிக்கொண்டு நடந்தான். துணி படபடத்தது. தம்பியைக் கூப்பிட்டான், பதில் இல்லை. அவன் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்கக் கண்ணைத் திறக்க வேண்டும். திறந்தால் முதலில் தெரிவது பெட்டி. பாரம் மட்டும் சாயாமல் வந்தது.

பெட்டியை இறக்கி, ஆசாரியன் துணியைச் சரிசெய்த பிறகுதான் யாசேர் கண்ணைத் திறந்தான். மல்கியா தண்டை விடாமல் நின்றிருந்தான்.

"பாத்தியாடா?"

மல்கியா தோளைத் தேய்த்துக்கொண்டான். பிறகு எத்தனை முறை கேட்டும் அவன் சொல்லவில்லை. தம்பி சற்று அதிகமாகத் தூங்கினாலே, யாசேர் அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பான்.

முதலில் இறந்தது யாசேர்தான். மல்கியா தள்ளாத வயதுவரை இருந்து இறந்தான். முன்னால் சுமந்தவர்களும் வனாந்தரத்திலேயே இறந்தார்கள். பெட்டியை வேறு தோள்கள் ஆற்றுக்கு அப்பால், அவர்கள் தேடிப்போன நாட்டுக்குக் கொண்டுபோயின.