தெளிந்த தொட்டி

ஒரு வாய் கடித்துவிட்டு, "புளிக்குதும்மா" என்று மகள் வைத்துவிட்டுப் போன ஆப்பிளை வீணாக்க அவளுக்கு மனம் வரவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். பழச்சாறு ஆலையில் தொட்டி பார்ப்பது அவள் வேலை. யாரும் கவனிக்காத நேரமாகப் பார்த்து அதை அரவைக்குள் தள்ளினாள். பத்தோடு பதினொன்று, யாருக்குத் தெரியப்போகிறது?

அரைத்த சாறு, கடுகுகூட நுழையாத வடிகட்டி வழியாகத் தொட்டிக்கு வந்து கஞ்சி போலக் கலங்கி நின்றது. பழத்தின் சதையை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பசைதான் கலங்கலுக்குக் காரணம். அதைக் கரைக்க, பூஞ்சையிலிருந்து எடுத்த என்சைமை அளந்து ஊற்றி மூடியைப் பூட்டினாள்.

சாப்பிட்டுவிட்டு வந்து தொட்டியின் கண்ணாடி வழியாக டார்ச் அடித்தாள். சாறு பளிங்காகத் தெளிந்திருந்தது. அடியில், மிதக்காமல், அரைபடாத ஆப்பிள் ஒன்று கிடந்தது.

"அண்ணே, கொஞ்சம் வாங்களேன்."

அரவைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரும்மா உள்ள போட்டது? மேனேஜர் பார்த்தா தொலைச்சிருவாரு!"

"பூட்டியிருக்குண்ணே. சாவி என்கிட்டதான் இருக்கு."

சாற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டு அவர் ஆப்பிளை எடுத்துக் கொடுத்தார். மகளின் கடி பழுப்பேறியிருந்தது. முன்பல் விழுந்த இடைவெளிகூட அப்படியே தெரிந்தது.

"ஏதோ சின்னப் புள்ளைங்க கடிச்ச மாதிரி இருக்கே," என்றார் அவர். "ரெண்டு பேரு."

அவள் பழத்தைத் திருப்பினாள். மறுபக்கத்தில், மகளுடையதைவிடச் சின்ன வாய் ஒன்று கடித்திருந்தது. அந்த இடம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது.