பினாங்கில் புகை இல்லை

“கிழவன் இன்னைக்கு வாயைத் திறக்கலைன்னா நாம ரெண்டு பேரும் நடுத்தெருவுலதான், அண்ணே.”

நவமணி சொன்ன கிழவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இல்லை, ஆகாயத்தில் இருந்தான். காற்றை ஆராய வெள்ளைக்காரன் எப்போதோ ஏற்றிவிட்ட சேட்டிலைட். ஏறும்போது ஆறு கருவிகள் வேலை செய்தன. ஐந்து படுத்துவிட்டன. மிச்சமிருந்த ஒன்று, காற்றில் எவ்வளவு புகை, எவ்வளவு தூசி என்று சொல்லும்.

தினமும் காலையில் கிழவன் பினாங்குக்கு மேலே போகும்போது அவன் சொல்வதை டேப்பில் பதிந்து, காகிதத்தில் கோடாக வரைந்து, கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும். அதற்குக் கடலோரத்தில் ஒரு பழைய கட்டடம், அதில் இரண்டு பேர். நவமணி கருவிகளைப் பார்ப்பவள். ராமதாஸ் கருவி, குழாய், கூரை ஒழுகல் எல்லாவற்றையும் பார்ப்பவர்.

அன்று தலைமையகத்திலிருந்து அதிகாரி ஐயாத்துரை வந்திருந்தார். கிழவன் பேசினால் நிலையம் இருக்கும். பேசாவிட்டால் மாதக் கடைசியில் பூட்டு. அப்புறம் ஐம்பது வயதில் ராமதாஸ் ஜுரு ஃபேக்டரிக்குப் போய் ஸ்குரூ முறுக்க வேண்டும். நவமணிக்கு அதுவும் கிடைக்காது. அங்கே இருபது வயதுப் பெண்களைத்தான் எடுப்பார்கள்.

ஐயாத்துரை மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு படியேறி வந்தார். கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் காடு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் புகை மூன்று வாரமாகப் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாடகை இல்லாமல் குடியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கரை பட்டர்வொர்த் இல்லை, கடல் இல்லை. எங்கோ ஃபெர்ரியின் சங்கு மட்டும் அழுதது.

“என்னப்பா இது, வெளிய ஒண்ணுமே தெரியல?” என்றார்.

“மூடுபனி சார். நம்ம இலாகாதான் ரேடியோல சொல்லுச்சு,” என்றார் ராமதாஸ், முகத்தில் ஓர் அசைவும் இல்லாமல்.

ஐயாத்துரை இருமினார். அதில் கொஞ்சம் சிரிப்பும் இருந்திருக்கலாம்.

“சரி சரி, ஸ்டார்ட் பண்ணுங்க லா. மத்தியானம் எனக்கு ஃபிளைட். ஏர்போர்ட் கண்ணுக்குத் தெரிஞ்சா.”

நவமணி சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். ராமதாஸ் டேப் மெஷினுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய முதுகு. மெஷின் பாதி மறைந்துபோனது. ரீல் சுழன்றது. ஸ்பீக்கர் கொஞ்ச நேரம் இரைந்தது, பிறகு பீப் பீப் என்று கத்தியது.

“வந்துட்டாருய்யா!” ராமதாஸ் தேவைக்கு மேலேயே கத்தினார்.

“இவ்வளவு தெளிவாவா? இழுத்துக்கிட்டு கெடக்குன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க?”

“பெரிய ஆளு வந்தா நோயாளி எந்திரிச்சு உக்கார்றதில்லையா சார்?”

ஐயாத்துரை கூரையை அண்ணாந்து பார்த்தார். மொட்டை மாடியில்தான் சேட்டிலைட்டைத் துரத்தித் திரும்பும் பெரிய டிஷ் இருந்தது.

“போன வருஷம் நான் வந்தப்ப மேல மரம் அறுக்கிற மாதிரி கேட்டுச்சு. இப்ப சத்தமே காணோம்?”

“எண்ணெய் விட்டோம் சார். நேத்துதான்.”

“நல்ல எண்ணெய் போல.”

பேனா காகிதத்தில் ஊர ஆரம்பித்தது. கோடு மேலே ஏறினால் புகை, அடியில் கிடந்தால் சுத்தக் காற்று. கோடு குடித்தவன் மாதிரி அடியிலேயே படுத்துக் கிடந்தது. அதன் கணக்கில் பினாங்கு வானம் விடிய விடிய மழை பெய்து கழுவிய வானம்.

நவமணி ராமதாஸ் பக்கம் சாய்ந்தாள். “அண்ணே, இன்னைக்குப் போய் இப்படியா?” என்று பல்லைக் கடித்தாள்.

“சத்தம் நல்லா இருக்கான்னுதான்மா பார்த்தேன். இதை யோசிக்கலையே,” என்று முனகினார் ராமதாஸ்.

ஐயாத்துரை காகிதத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். வெளியே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். இருமினார்.

ராமதாஸ் முந்திக்கொண்டார். “சார், கருவிக்கு வயசாயிடுச்சு. கண்ணு மங்கியிருக்கும். ஒரொரு நாள் தப்பாத்தான்...”

“தப்பா?” ஐயாத்துரை சட்டென்று திரும்பினார். “யாரு சொன்னா தப்புன்னு? மனுஷன் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லுமா?”

“இல்ல சார், வெளிய புகை...”

“புகையா? எங்க? இந்தா, விஞ்ஞானமே எழுதிக் குடுத்திருக்கு, சுத்தமா இருக்குன்னு. உங்க மூக்கு என்ன யுனிவர்சிட்டியில படிச்சதா?”

கோயில் விபூதியை மடிப்பதுபோல் காகிதத்தைப் பக்குவமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்ப நிலையம், சார்?” என்றாள் நவமணி.

“மூடுறதா? இந்த மாதிரி நிலையம் நாட்டுக்கு ஒண்ணு பத்தாதும்மா. அஞ்சு வருஷத்துக்கு நான் எழுதித் தர்றேன்.”

நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கேட்டால் மூடுபனி என்று சொல்லியிருப்பாள்.

ராமதாஸ் அவரைப் படிவரை கொண்டுவிட வந்தார். ஐயாத்துரை கைக்குட்டையை மறுபடி மூக்கில் வைத்தார். இரண்டு படி இறங்கியவர் நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கு மந்திரி வர்றாரு, ராமதாஸ். அவருக்கும் இதே பழைய டேப்பைப் போடுங்க.”