இரண்டே டிசைன்

சிவப்புப் புள்ளி கம்ப்யூட்டரின் அம்புக்குறியோடு ஒட்டிக்கொண்டு அம்மாவின் முகத்தில் அலைந்தது.

கன்னத்தில் ஏறியது. கண்ணைத் தாண்டியது. நெற்றிக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேறு யாரோ ஒருத்தியின் படத்திலிருந்து வெட்டி எடுத்த பொட்டு. இந்தக் கடைக்கு வருகிற எல்லா நெற்றிக்கும் அதுதான்.

திரைக்கு எதிரே மகள் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயதில் அவள் பார்த்த அம்மா. அழகாகத்தான் இருந்தாள். அதைப் பார்க்கத்தான் எரிந்தது.

"இதை எடுத்துருங்க," என்றாள்.

பிளெக்ஸ் கடையில் டிசைன் போடும் ரோசலின் திரும்பிப் பார்த்தாள். "உங்க வீட்லேருந்து போன் வந்துச்சேக்கா. உங்க அத்தையாம். பெரிய பொட்டா வச்சு, கலர் டிசைன்ல போடச் சொன்னாங்க."

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. இத்தனை வருஷம் வாசலை மிதிக்காதவள். அம்மா இறந்த சேதி கேட்டு, விடிந்ததும் தன் அண்ணனையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அண்ணன் கையில் ஒரு சிவப்புச் சேலை.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்னொருத்தியோடு போன மனுஷன். மகள் பள்ளிக்கூடம் போனாளா, காய்ச்சலில் கிடந்தாளா, எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இன்று பந்தலில் முதல் நாற்காலி அவருக்கு. வருகிறவர்கள் எல்லாம் அவர் கையைப் பிடித்துத்தான் துக்கம் கேட்கிறார்கள். அவரும் கூச்சநாச்சம் இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

"கொடுத்து வச்சவ. பூவும் பொட்டுமா போறா," என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் புண்ணியமும் அவரால் வந்ததுதானாம். உயிரோடு இருக்கிறாரே, போதாதா.

அவர் போன மூன்றாம் நாள் அம்மா நெற்றியைக் கழுவிவிட்டாள். தெருவே திரண்டு வந்து திட்டியது. புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது எவளாவது இப்படிச் செய்வாளா என்றது. அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வீட்டுலயே இல்லாதவனுக்கு நெத்தியில எதுக்கு எடம்?"

பிறகு வைக்கவே இல்லை. கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழ் அவளைத் தாண்டிப் போகும். போகட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். சத்துணவுக்கூட வேலையின் அடையாள அட்டைக்கும் அந்த வெறும் நெற்றியோடுதான் படம் எடுத்தாள். மகள் இன்று கொண்டுவந்திருப்பது அந்தப் படம்தான்.

இனிமேல் அம்மாவால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மகள் சொன்னால்தான் உண்டு.

"அம்மா பொட்டு வைக்க மாட்டாங்க," என்றாள்.

"அப்பா இருக்காங்கல்லக்கா?"

கடையில் இரண்டு டிசைன் தயாராக இருந்தன. கணவன் இருக்க இறந்தவளுக்கு மஞ்சளும் சிவப்பும், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கணவன் போனபின் இறந்தவளுக்குச் சாம்பல் நிறம், மூலையில் ஒற்றை அகல். பேரையும் படத்தையும் மாற்றினால் போதும். பத்து நிமிஷ வேலை.

"அவர் பேரே இல்லாம போட முடியாதா?"

ரோசலின் யோசித்தாள். நல்ல பெண். கேலி செய்யவில்லை.

"போடலாம்க்கா. ஆனா கல்யாணமே ஆகாதவங்கன்னு நெனைப்பாங்க. கீழ மகள்னு உங்க பேரு வேற வருது. தப்பாப் பேசுவாங்க."

ஆக, அவர் இருந்தால் ஒரு டிசைன். செத்தால் ஒரு டிசைன். அவரே வேண்டாம் என்று வாழ்ந்தவளுக்கு யாரும் இன்னும் ஒன்று போட்டுவைக்கவில்லை.



"அப்பா இல்லைங்க."

"ஐயோ, சாரிக்கா. போன்ல அவங்க..."

"இல்லை."

மஞ்சள் போனது. சிவப்பு போனது. குத்துவிளக்குகள் போயின. பொட்டு ஒரே தட்டலில் மறைந்தது.

அம்மா தன் முகத்தோடு திரும்பி வந்தாள்.

"அப்பா பேரு சொல்லுங்கக்கா. முன்னாடி தெய்வத்திரு போடணும்."

செத்தவர்கள் பேருக்கு முன்னால் போடுகிற வார்த்தை. அவள் இதை நினைத்துப் பார்க்கவில்லை. ரோசலினின் விரல்கள் காத்திருந்தன. இப்போதும் மாற்றிச் சொல்லிவிடலாம்.

"துரைக்கண்ணு," என்றாள்.

'தெய்வத்திரு துரைக்கண்ணு அவர்களின் மனைவி செண்பகம்' என்று பெரிய எழுத்தில் வந்தது. மனைவி என்ற சொல்லை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. விட்டுவிட்டாள்.

அச்சடித்து, மரச்சட்டத்தில் அடித்துக் கொடுத்தார்கள். ஆட்டோவில் மடியோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் அதற்குள் அவர்கள் நினைத்ததை முடித்திருந்தார்கள். அம்மாவின் முகமெல்லாம் மஞ்சள். நெற்றியில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். உடம்பில் அந்தச் சிவப்புச் சேலை.

"பாருடி, மகாலட்சுமி மாதிரி இருக்கா," என்று அத்தை அவளைக் கட்டிக்கொண்டாள்.

காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அத்தையின் கையை விலக்கிவிட்டு வெளியே போனாள். ஆட்டோவிலிருந்து சட்டத்தை இறக்கினாள். படம் அவள் பக்கம் இருந்தது.

அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். நாலு பேர் பார்க்க, வீட்டு ஆம்பிளை சும்மா உட்கார்ந்திருக்கலாமா. சட்டத்தைப் பின்பக்கமாகப் பிடித்து வாங்கிக்கொண்டார். பின்பக்கம் வெறும் வெள்ளை. தெருவிளக்குக் கம்பத்துக்கும் வேப்ப மரத்துக்கும் நடுவில் நிறுத்தி, அதன் பின்னால் நின்றுகொண்டு கம்பியை முறுக்க ஆரம்பித்தார்.

முன்னால் இருந்தவர்கள் படித்தார்கள். ஒருவர் படித்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டினார். பந்தலில் பேச்சு நின்றது.

"நேரா இருக்காம்மா?" என்று அவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் மகளிடம் அவர் பேசிய முதல் பேச்சு.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கிக் கட்டுங்க," என்றாள்.