வடாபாவ்காரருக்குப் பிறகு

“வடாபாவ் விக்கிறவனுக்கு அப்புறமா எங்கப்பா பேரு?”

கோவிந்தராஜ் எழுந்த வேகத்தில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஆண்டு விழா நன்றியுரையை வாசித்துக்கொண்டிருந்த ஜெனிபர் பாதியில் நிறுத்திவிட்டு ஆசிரியையைப் பார்த்தாள்.

மராத்தி ஊரான கட்கியில், கோவிந்தராஜின் வீட்டுக் கீழ்த்தளத்தில்தான் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கிறது. வெடிமருந்துத் தொழிற்சாலையில் உழைத்துக் கட்டிய வீட்டில், ஹாலைப் பிள்ளைகள் படிக்கவென்று ஒதுக்கியவர் அவருடைய மறைந்த அப்பா கன்னியப்பன். வாடகை என்று அந்தக் குடும்பம் யாரிடமும் கை நீட்டியதில்லை. எதிர்பார்த்ததெல்லாம் மரியாதை ஒன்றைத்தான்.

“ஐயா, உக்காருங்க. இது முதல் தடவ எழுதினது” என்றாள் ஆசிரியை தீபா. “மனசுல வந்ததையெல்லாம் கொட்டச் சொல்லியிருக்கேன். வரிசையெல்லாம் பிறகுதான்.”

“கொட்டறதுலயே மரியாத இருக்கணும்மா. எனக்காகவா கேக்கறேன்? எங்க பையன் சுனிலுக்குப் பொண்ணு குடுக்கிற கலியன், விழா அன்னிக்கு மொத வரிசையில உக்காருவாரு. இந்த ஊருல எங்க குடும்பம் இன்னான்னு அவரு பாக்க வேணாமா?”

தீபா பிள்ளைகள் பக்கம் திரும்பினாள்.

“கொட்டியாச்சு. அடுத்த வேலை என்ன? பேசறது யாரு, யாரைப் பாத்துப் பேசறோம். இதை முடிவு பண்ணுங்க. அது தெரிஞ்சுட்டா எதை வைக்கணும், எதை அடிக்கணும்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.”

“நாங்கதான் டீச்சர் பேசறோம்” என்றான் தேஜஸ்.

“நாங்கன்னா யாரு?”



“ஸோச்னா படேகா, டீச்சர்” என்று இந்தியில் சொன்னாள் ஜெனிபர்.

“தமிழ்லயே யோசி!” என்றாள் தீபா. வகுப்பே சிரித்தது. கோவிந்தராஜ் மட்டும் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவர் வகுப்புக்குள் போகவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து காதை மட்டும் கீழே அனுப்பினார். பிள்ளைகள் நன்றியுரையைத் திருத்தி எழுதி, உரக்க வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாக்கு தடுக்குகிற இடத்தில் நிறுத்தி, மறுபடி எழுதினார்கள். பாதிப் பெயர்கள் போய்விட்டன. பன்னுக்குள் வடை வைத்து விற்கும் வடாபாவ் தானாஜிக்கு மட்டும் ஒரு வாக்கியமே கூடியிருந்தது. ‘கிளாஸ் முடியும்வரை எங்களுக்காகச் சட்னி எடுத்துவைக்கும் தானாஜி காகாவுக்கு நன்றி.’ காகா என்றால் மராத்தியில் சித்தப்பா.

கன்னியப்பனின் பெயர் எங்குமே இல்லை.

பிள்ளைகள் கலைந்ததும் இறங்கி வந்தார்.

“எங்கப்பா பேர எடுத்தது யாரு?”

“நான் இல்லைங்க ஐயா. இங்க நான் ஒரு வரியும் அடிக்கிறதில்ல. எழுதினவங்கதான் அடிக்கணும்.”

“அப்ப சேக்கச் சொல்லு.”

“சொன்னா சேத்துடுவாங்க. ஆனா அது நீங்க எழுதினதா ஆயிடும்.” தீபாவின் குரல் தணிந்தது. “கேட்டு வாங்கின நன்றி உங்க அப்பாவுக்கு வேணுமா ஐயா?”

அவருக்குச் சுருக்கென்றது. வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு நேரே கடைத்தெருவுக்குப் போனார். கனமான பூட்டு ஒன்றை வாங்கிவந்து மகன் முன் வைத்தார்.

“விழா நடக்கட்டும். சொன்ன சொல்லு மாற மாட்டேன். அத்தோட சரி. அடுத்த ஞாயிறுலேர்ந்து ஹால் கெடையாது.”

“அப்பா, சின்னப் பசங்கப்பா...”

“பசங்க மேல எனக்கு இன்னாடா கோவம்? அவமானம் எங்கப்பாவுக்கு.”

விழா நாளில் ஹால் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் கலியன் சலவைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கோவிந்தராஜ். சட்டைப் பையில் பூட்டு.

ஜெனிபர் மைக்கைப் பிடித்தாள். ஒவ்வொரு பெயரையும் நிதானமாகச் சொன்னாள். தானாஜி காகாவுக்குக் கைதட்டல். மழை நாளில் பிள்ளைகளை ஆட்டோவில் இலவசமாக ஏற்றிவந்த இருதயராஜுக்கு இன்னும் பெரிய கைதட்டல். ‘எங்கள் தப்பை நாங்களே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்கும் தீபா டீச்சருக்கு’ என்றபோது தீபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

கலியன் குனிந்து மெல்லக் கேட்டார். “சம்பந்தி, எல்லார் பேரும் வந்துது. உங்க பேரு வரலியே?”

கோவிந்தராஜின் கை பூட்டை இறுகப் பிடித்தது.

“கடைசியா ஒண்ணு” என்றாள் ஜெனிபர். “இவ்ளோ நேரம் உங்களுக்கெல்லாம் நன்றி சொன்னது யாருன்னு சொல்லல.”

அவள் கையைத் தூக்கினாள். ஹால் முழுக்க அங்கங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

“நாங்க கன்னியப்பன் தாத்தா வீட்டுப் பிள்ளைங்க. எங்க வீட்டுக்கு வந்ததுக்கு உங்க எல்லாருக்கும் நன்றி. சொந்த வீட்டு ஆளுங்களுக்கு யாராச்சும் தேங்க்ஸ் சொல்வாங்களா? அதான் அவரு பேரையும் கோவிந்தராஜ் தாத்தா பேரையும் லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டோம்.”

கலியன் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “இத்தினி பேரப்பிள்ளைங்களா சம்பந்தி உங்களுக்கு?”

கோவிந்தராஜ் முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஹாலை ஒருமுறை கண்ணால் எண்ணிப் பார்த்தார்.

“ஆமா” என்றார். “ரெண்டு பேரு காய்ச்சல்னு வரல.”