சுத்தமான ரசிகன்

"நாளைக்கு ஊக்கமருந்து டெஸ்ட் வைக்கிறாங்க சுருளி. போன வருசம் மாதிரியே உன் மூத்திரத்தைக் குடு" என்றான் கபடி வீரன் அழகுராஜா.

செல்லூரில் அவனுக்கு ரசிகர் மன்றம் வைத்தவன் சுருளி. மஞ்சள் வேட்டியும் கையில் காப்புமாக நின்றான்.

"போன வருசம் சளி மருந்து குடிச்சதாச் சொன்னீங்கண்ணே."

"இப்பவும் அதே சளிதான். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருக்க, டீ கூடத் தொடமாட்ட. உன்னைவிடச் சுத்தமானவன் எவன் இருக்கான்? அங்க இருக்கிற ஆளைச் சரிக்கட்டிட்டேன்."

"உங்களுக்கு இல்லாததாண்ணே?"

சுருளி உள்ளே போய், பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான்.

மூன்று வாரம் கழித்து அழகுராஜாவுக்கு நான்கு வருடத் தடை என்று டி.வி. சொன்னது. அடுத்த அரைமணி நேரத்தில் அவன் சுருளி வீட்டு வாசலில் நின்று கத்தினான்.

"உன் மூத்திரத்துல எப்படிடா மருந்து வந்துச்சு?"

"நீங்க குடுத்ததுதாண்ணே."

சுருளி ஒரு காலி மாத்திரை டப்பாவை எடுத்துவந்து அவன் கையில் வைத்தான்.

"சத்து மாத்திரை, இதைச் சாப்பிட்டா என்னை மாதிரியே ஆடலாம்னு என் தம்பிக்குக் குடுத்தீங்க. ரெண்டு கிட்னியும் போயி ஆஸ்பத்திரியில கெடக்கான். பாதி டப்பா மிச்சம் இருந்துச்சு. காப்புக் கட்டுன அன்னைக்கிருந்து தினம் ஒண்ணு முழுங்குனேன்."

"அடப்பாவி, விரதத்துல இருந்துக்கிட்டா?"

"விரதம் இருந்ததே அதுக்குத்தாண்ணே."