சொல்லக்கூடாத தொழில்

"என்ன தொழில் எண்டு மட்டும் கேக்காதையும், பிள்ளை. மிச்சம் எல்லாத்தையும் கேளும்."

ஸ்ரெபானி பேனையைக் கீழே வைத்தாள். ஐம்பதைத் தாண்டியவர்கள் சொந்தத் தொழில் தொடங்க வழிகாட்டுவதுதான் அவள் வேலை. டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் இருந்த அந்த அலுவலகத்துக்கு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். தொழிலைச் சொல்ல மாட்டேன் என்ற முதல் ஆள் இவர்தான்.

றொபேட்டுக்கு ஐம்பத்தாறு வயது. கிரின்ஸ்டெட்டில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பனிக்காலம் தொடங்க அங்கே ஆட்களைக் குறைத்தார்கள். குறைந்தவர்களில் அவரும் ஒருவர்.

"சொல்லாட்டி நான் எப்பிடி அங்கிள் உதவி செய்யிறது?"

"சொன்னா அடுத்த மாசமே எங்கட சனம் முழுக்க அதைத்தான் செய்யும்."

அவளால் மறுக்க முடியவில்லை. முன்பு ஒரு தமிழர் கலியாணங்களுக்கு மணவறை வாடகைக்கு விடத் தொடங்கினார். கொஞ்சக் காலத்தில் மாப்பிள்ளைகளைவிட மணவறைகள் கூடிவிட்டன. அவளுடைய சித்தப்பாவின் கார்க் கொட்டிலில் இப்போதும் ஒன்று நிற்கிறது. அதில் பூனை படுக்கிறது.

தங்கள் கிறிஸ்தவ சபையில் எவரிடமும் மூச்சு விடவில்லை என்றார் றொபேட். மனைவி தபிதாவுக்குக்கூட என்ன தொழில் என்று சொல்லவில்லை. ஸ்ரெபானி கத்தோலிக்கப் பிள்ளை, தங்கள் ஆராதனைப் பக்கம் வரவே மாட்டாள் என்று விசாரித்து அறிந்த பிறகுதான் இங்கே வரக் காரை எடுத்தாராம்.

ஆனால் புருசன் ஏதோ தொழில் தொடங்கப்போகிறார் என்று தபிதா வீட்டு ஜெபக் கூட்டத்தில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எஸ்பியர்க் வரைக்கும் பெயர் தெரியாத அந்தத் தொழிலுக்காக ஜெபம் நடக்கிறது. ஒரு அம்மா உபவாசமே இருக்கிறார். வருகிற ஞாயிறு போதகர் றொபேட்டை முன்னே அழைத்து, அது என்ன தொழில் என்று சபைக்கு அறிவிக்கச் சொல்லப்போகிறார்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் சொல்லத்தானே போறீங்கள்?"

"அதுக்குமுதல் எல்லாம் சரியா இருக்கவேணும், பிள்ளை. இல்லாட்டி அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை நான் என்னெண்டு நிக்கிறது?"

ஸ்ரெபானிக்குப் பாவமாக இருந்தது. தானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தாள்.

சாப்பாட்டுக் கடையா என்று கேட்டாள். அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பேச்சுக்கு அப்படியென்றால் என்னென்ன வேண்டும் என்று கேட்டார். அனுமதி, சுகாதாரச் சோதனை, நாள் முழுக்க நின்றபடி வேலை என்று அவள் விளக்கினாள். றொபேட் முழங்காலைத் தடவினார்.

சாப்பாட்டுக் கடை இல்லை என்று தெரிந்துகொண்டாள்.

வான் ஓட்டப்போகிறாரா? ஒரு பேச்சுக்கு, என்று அதையும் கேட்டு அறிந்தார். காலை நான்கு மணிக்குச் சறுக்கும் வீதி என்றதும் அவர் முகம் சுருங்கியது. அதுவும் இல்லை.

ஸ்ரெபானி ஜன்னலில் வாடி நின்ற பூச்செடியைப் பார்த்து யோசித்தாள்.

"கண்ணாடி வீடு போட்டுக் கறிவேப்பிலைக் கன்று வளர்த்து விக்கப்போறீங்களோ?"

றொபேட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆர் உமக்குச் சொன்னது?"

பிடித்துவிட்டாள். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கண்ணாடி வீட்டைச் சூடாக்கும் விதம், வரிப் பதிவு, தபாலில் கன்று அனுப்பும் முறை என்று எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு சொல் விடாமல் கேட்டார்.

"ஆர் வாங்குவினம் எண்டு நினைக்கிறீர்?"

"டென்மார்க்கிலை ஒவ்வொரு தமிழ் வீட்டு ஜன்னலிலையும் ஒரு கறிவேப்பிலைக் கன்று செத்துக்கொண்டிருக்கு, அங்கிள். எங்கட வீட்டிலை ரெண்டு."

றொபேட் எழுந்து இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இப்பிடி ஒரு நல்ல யோசனையை இவ்வளவு நாளும் கட்டின மனுசிக்கும் சொல்லாமல் வைச்சிருந்தீங்களே. எப்பிடி அங்கிள் ஏலுமாயிருந்தது?"

அவர் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"வேலை போனண்டைக்குத் தபிதாவின்ர முகத்தைப் பாக்க ஏலாமல், தொழில் தொடங்கப்போறன் எண்டு வாயிலை வந்ததைச் சொன்னனான், பிள்ளை. என்ன தொழிலெண்டு இப்ப நீர் சொல்லத்தான் எனக்கே தெரியும்."