அசையாத பிரபு

ஒரு குளத்து வாத்துகளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பெண் வாத்து ஓர் ஆண் வாத்தை மூன்று முறை சுற்றி நீந்திவிட்டால் கல்யாணம் நிச்சயமாகிவிடும்.

ஒருநாள் காலை, பளபளக்கும் கழுத்தோடு ஒரு புது வாத்து குளத்து நடுவில் மிதந்தான். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை, பேசவுமில்லை.

“பிரபு வம்சம்தான், சந்தேகமே இல்லை,” என்று சொர்ணவல்லி வாத்து மகளை அனுப்பினாள்.

இரண்டு சுற்று முடித்த மகள் பவளம் தயங்கினாள். “அம்மா, அவர் கண்ணே இமைக்கவில்லை. வயிற்றில் கட்டிய கயிறு அந்தக் கோரைப் புதருக்குள் போகிறது.”

“பரம்பரைச் சொத்தென்றால் அப்படித்தான் கட்டிப்போட்டிருக்கும். மூன்றாவது சுற்றை முடி.”

பவளத்தின் மேல் ஆசை வைத்திருந்த மருதன் மெல்லச் சொன்னான். “புதருக்குள் யாரோ மூச்சு விடுகிறார்கள், அத்தை.”

“சேற்றில் புழு பொறுக்குகிறவனே, பெரிய மனிதர் என்றால் வேலையாட்கள் இருக்கமாட்டார்களா?”

மூன்றாவது சுற்றில் பாதி போன பவளம், மருதனைப் பார்த்து, “பறந்துவிடலாமா?” என்றாள். இருவரும் எழும்பினார்கள். திட்டிக்கொண்டே அம்மாவும் எழும்பினாள். அப்போது புதருக்குள் துப்பாக்கி வெடித்தது. பிரபுவின் கழுத்திலிருந்து மரச்சிராய் தெறித்தது. சொர்ணவல்லியின் வால் இறகு முழுவதும் உதிர்ந்தது.

வாலில்லாமல் தள்ளாடிப் பறந்தபடி அவள் திரும்பிப் பார்த்தாள்.

“பார்த்தாயாடி, இத்தனை அமளியிலும் கொஞ்சமாவது அசைந்தாரா? வளர்ப்பு என்றால் அது.”